87-ஆம் பக்கம்: ஒரு குண்டர் சட்ட ஆணை ரத்தான வழக்கு

தென் மாவட்டம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த வழக்கு இது. காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கும் 26 வயது இளைஞர் ஒருவரைக் குண்டர் சட்டத்தில் அடைத்தார்கள். அவருடைய தாய் போட்ட ஆட்கொணர்வு மனுவில் (சட்டவிரோதமாக அடைத்து வைத்தவரை விடுவிக்கக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் போடுவது) 163-ஆம் நாள் அந்த ஆணை ரத்தானது. மனுவை நடத்திய அலுவலகத்தில் நான் அப்போது ஜூனியர். குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டிருக்கிறேன், சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். தேதிகளுக்குப் பதில், ஆணை பிறந்த நாளை முதல் நாளாக வைத்து எண்ணித் தருகிறேன். தடுப்புக் காவல் வழக்கில் எல்லாமே நாள் கணக்குதான்.

## பின்னணி

இளைஞர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அப்பா இல்லை. அம்மா சந்தைக்கு வெளியே காலையில் இட்லி விற்பவர். ஆணை வந்தபோது அவர் மேல் மூன்று வழக்குகள் இருந்தன. முதலாவது, கண்மாய்க்கரையில் குடித்துவிட்டுப் போட்ட சண்டை; ஒருவருக்கு மண்டை உடைந்து நான்கு தையல். இதை அவர் எங்களிடம் மறைக்கவில்லை. இரண்டாவது, ஏற்றுகூலித் தகராறில் இரண்டு கோஷ்டிகள் மோதியது. பதினோரு எதிரிகளில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில், அவர் எட்டாவது. மூன்றாவது, டீக்கடை அருகே ஒருவரை வழிமறித்துக் கத்தியைக் காட்டி, சட்டைப் பையிலிருந்து 500 ரூபாயைப் பறித்தார் என்ற புகார். நீதிமன்ற வளாகத்துப் பேச்சில் முதல் இரண்டும் 'அட்வர்ஸ் கேஸ்', அதாவது முன்வழக்கு; மூன்றாவது 'கிரவுண்ட் கேஸ்', ஆணைக்கு நேரடிக் காரணமான வழக்கு.

இந்த 500 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை. குண்டாஸ் வழக்கு பார்க்கும் எந்த வழக்கறிஞரிடமும் "கத்தி, சட்டைப் பை" என்று ஆரம்பித்தால் மிச்சத்தை அவரே சொல்லி முடிப்பார். அத்தனை புகாரும் பொய் என்று சொல்ல வரவில்லை. ஒரே வார்ப்பில் இத்தனை சம்பவங்கள் நடப்பது வியப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது வழக்கில் கைதாகி ரிமாண்டில் இருந்தவர், ஒரு ஜாமீன் மனு போட்டுத் தள்ளுபடியாகியிருந்தது. கைதான 22-ஆம் நாள், காவல் ஆய்வாளர் அனுப்பிய பரிந்துரையின் பேரில் மாவட்ட ஆட்சியர் தடுப்புக் காவல் ஆணையில் கையெழுத்திட்டார். எங்கள் கணக்கில் அது முதல் நாள். ஆணையைச் சிறைக்குள்ளேயே கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள்.

## ஆணைக்குப் பின்னால் இருக்கும் சட்டம்

குண்டர் சட்டம் என்று ஊரே சொல்வது 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14-ஆம் சட்டம். கள்ளச்சாராயம், போதைப்பொருள், நில அபகரிப்பு என்று தொடங்கி, பின்னால் மணல், வீடியோ திருட்டு, இணையவழிக் குற்றம், பாலியல் குற்றம் என்று சேர்த்துக்கொண்டே போனதில் சட்டத்தின் முழுப் பெயரை மூச்சு விடாமல் படிக்க முடியாது. இதில் போடும் ஆணைக்குக் குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை. வெளியே விட்டால் பொது ஒழுங்குக்குக் கேடு செய்வார் என்று ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ 'மனநிறைவு' கொண்டால் போதும். நடந்ததற்குத் தண்டனை என்று இதைச் சொல்ல முடியாது. நடக்கப் போவதைத் தடுக்க அடைத்து வைப்பது. உச்ச வரம்பு 12 மாதம்.

விசாரணை இல்லாமல் அடைக்கும் அதிகாரம் நமக்குக் கம்பெனி காலத்துச் சொத்து. வங்காளத்தில் 1818-இலும் சென்னை மாகாணத்தில் 1819-இலும் அதற்கான ஒழுங்குமுறைகள் வந்தன. 1919-இன் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடே எழுந்தது. அப்படி அடைபட்டுக் கிடந்தவர்களில் பலர் பிறகு அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தும் அந்த அதிகாரத்தை அவர்கள் நீக்கவில்லை. தனிமனித சுதந்திரத்துக்கான பிரிவில் முதலில் இருந்த 'முறையான சட்ட நெறி' என்ற கருத்தை எடுத்துவிட்டு, 'சட்டம் வகுத்த நடைமுறை' என்று போட்டார்கள்; இன்றைய 21-ஆம் பிரிவு அது. நடைமுறை என்று ஒன்று சட்டத்தில் இருந்தால் போதுமா, அது நியாயமாகவும் இருக்க வேண்டுமா என்ற சண்டைக்கு அங்கேதான் விதை விழுந்தது. 1949 செப்டம்பரில் அம்பேத்கர் இன்றைய 22-ஆம் பிரிவைக் கொண்டுவந்தபோது, முன்பு செய்ததற்கு ஈடுகட்டவே இது என்று வெளிப்படையாகச் சொன்னார். அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே விசாரணையின்றி அடைக்கும் அதிகாரமும் அதற்கான கடிவாளமும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் விநோதம் அப்படி வந்தது.

கடிவாளம் எவ்வளவு இறுகும் என்று முதலில் சோதித்தது சென்னை மாகாணத்து வழக்குதான். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பரிலிருந்து மாறி மாறிக் காவலில் இருந்தார். 1950 மார்ச் 1 அன்று, அப்போதுதான் பிறந்திருந்த தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் அவருக்குப் புதிய ஆணை வந்தது. உச்ச நீதிமன்றத்துக்கு நேராகப் போனார். மே 19 அன்று பெரும்பான்மை நீதிபதிகள், சட்டம் வகுத்த நடைமுறை இருக்கிறது, அது நியாயமா என்று அளக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நீதிபதி பஸல் அலி மாறுபட்டார். கோபாலன் தோற்ற அந்தத் தீர்ப்பில் ஒரு துண்டு மட்டும் காவலில் இருப்போர் பக்கம் நின்றது: காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்துக்குக் கூடக் காட்டக் கூடாது என்ற, தடுப்புக் காவல் சட்டத்தின் 14-ஆம் பிரிவு செல்லாது என்றானது. இன்று தாய்மார்கள் பையில் போட்டுக்கொண்டு வரும், காரணங்கள் அடங்கிய ஆணையை எங்களால் நீதிபதி முன் விரித்து வைக்க முடிகிறதென்றால் அதற்கு வேர் அங்கே இருக்கிறது.

பெரும்பான்மையின் பார்வை 1970-இல் வங்கி தேசியமய வழக்கில் ஆட்டம் கண்டு, 1978-இல் மேனகா காந்தி வழக்கில் விழுந்தது. நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்றானது. இடையில் 1976-இல், நெருக்கடி நிலையின்போது, ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னதும் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்ததும் தெரிந்த கதை. அந்தத் தீர்ப்பை 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு குழிதோண்டிப் புதைத்தது.

இந்த வழக்குக்கு வேண்டியது 22-ஆம் பிரிவின் 5-ஆவது உட்பிரிவு. காரணங்களைத் தெரிவிக்க வேண்டும். முறையிட மிக விரைவில் வாய்ப்புத் தர வேண்டும். அதன் மேல் தமிழ்நாட்டுச் சட்டம் கட்டிய கணக்கு: காரணங்கள் 5 நாளுக்குள், அரசின் ஒப்புதல் 12 நாளுக்குள், ஆணைக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்கு மூன்று வாரத்துக்குள், கழகத்தின் அறிக்கை ஏழு வாரத்துக்குள்.

## கட்டைப் புரட்டியபோது கண்டவை

அந்த அம்மா 9-ஆம் நாள் வந்தார். ஜவுளிக்கடை மஞ்சள் பைக்குள் 124 பக்கப் புக்லெட், ஆணையோடு கொடுக்கும் ஆவணக் கட்டு. அதைக் குற்றப்பத்திரிகை என்று நினைத்திருந்தார். அதுவரை ஜாமீன் எடுத்துத் தருவதாகச் சொன்ன ஓர் இடைத்தரகரிடம் பணம் கொடுத்து ஏமாந்திருந்தார். "ஒரு வருஷம் உள்ளதான், யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொல்லுதாக சார். அப்படியா?" என்பதுதான் முதல் கேள்வி. சீனியர் பதில் சொல்லவில்லை. புக்லெட்டை வாங்கி என்னிடம் தள்ளினார்: "பக்கம் பக்கமா எண்ணு. படிக்கறதுக்கு முன்னாடி எண்ணு."

இரண்டு ராத்திரி ஆனது. 41-ஆம் பக்கத்தில் இருந்த காயச் சான்றிதழின் நகல் கறுப்பாக அப்பிக் கிடந்தது. மருத்துவர் கையெழுத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை.

அடுத்தது ஒரு வாசகம். "பொதுமக்கள் அச்சத்தில் அலறியடித்துச் சிதறி ஓடினர், கடைக்காரர்கள் கதவுகளை இழுத்து மூடினர், போக்குவரத்து ஸ்தம்பித்தது." மூன்று முதல் தகவல் அறிக்கையிலும் எழுத்து மாறாமல் இதுவே. டீக்கடை வழக்கில் பொருந்தும், சந்தையிலும் பொருந்தும். கண்மாய்க்கரையில் மூடுவதற்குக் கடையே கிடையாது. சீனியர் அந்த வரியை மூன்று இடத்திலும் பென்சிலால் கோடிட்டார். இந்த வாசகம் சும்மா வருவதில்லை. 1965-இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று வட்டங்களைச் சொன்னது: பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. இருவர் அடித்துக்கொண்டால் அது முதல் வட்டம். ஊரின் இயல்பு வாழ்க்கையே குலைந்தால்தான் இரண்டாவது. குண்டர் சட்டம் இரண்டாவது வட்டத்துக்குள் மட்டுமே செல்லும். அடிதடியை உள் வட்டத்துக்குள் தள்ளிவிடத்தான் கடைகளை மூட வைக்கிறார்கள்.

கடைசியாக 87-ஆம் பக்கம். ஆணையில் ஆட்சியர் சொல்லியிருந்தது இது: இவர் சிறையில் இருக்கிறார், ஜாமீன் மனு ஏதும் நிலுவையில் இல்லை, ஆனால் இதே போன்ற வழக்கொன்றில் அமர்வு நீதிமன்றம் ஜாமீன் தந்திருக்கிறது, எனவே இவரும் வெளியே வர வாய்ப்பு இருக்கிறது. ஏற்கெனவே சிறையில் இருப்பவரைத் தடுப்புக் காவலில் போட இப்படி ஒரு காரணம் கட்டாயம் வேண்டும். 2011-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது "இது போன்ற வழக்குகளில் ஜாமீன் கிடைக்கிறது" என்று விவரமில்லாமல் எழுதினால் ஆணை நிற்காது என்று சொல்லியிருந்தது. அதற்குப் பிறகு ஆணைகளில் வழக்கு எண், தேதி, நகல் எல்லாம் சேர்க்கிறார்கள். இங்கும் சேர்த்திருந்தார்கள். 87, 88 பக்கங்களில் அந்த ஜாமீன் உத்தரவு இருந்தது, ஆங்கிலத்தில். தமிழாக்கம் இல்லை. புக்லெட்டில் மற்ற ஆங்கிலத் தாள் ஒவ்வொன்றுக்கும் அடுத்தே தமிழ்ப் பக்கம் வைத்திருந்தவர்கள், இதற்கு மட்டும் மறந்துவிட்டார்கள்.

உத்தரவைப் படித்தால் இன்னொன்றும் தெரிந்தது. அந்த எதிரிக்கு ஜாமீன் கிடைத்ததே, அவருக்கு முன்வழக்கு ஏதும் இல்லை என்று அரசுத் தரப்பே சொன்னதால். எங்கள் கட்சிக்காரருக்கு இரண்டு முன்வழக்கு. அதை 'இதே போன்ற வழக்கு' என்று எப்படிச் சொன்னார்கள் என்று இன்றும் புரியவில்லை. ஆனால் இந்த வாதத்தை அந்த இளைஞர் தானே எழுப்பியிருக்க முடியுமா? ஆங்கிலம் தெரியாதவருக்கு அந்த இரண்டு பக்கமும் வெற்றுத் தாள்தான்.

## எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, அன்றே முறையீடு எழுதுவது. 11-ஆம் நாள் மூன்று படி தயாரானது. இரண்டைத் தாய் கையெழுத்திட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஆட்சியருக்கும் அரசுக்கும் அனுப்பினார். ஒன்றை இளைஞர் கையெழுத்தோடு சிறைக் கண்காணிப்பாளர் வழியாக அனுப்பினோம். மூன்று விஷயம் மட்டும் கேட்டோம்: ஆணையை ரத்து செய்யுங்கள், 87, 88-ஆம் பக்கங்களுக்குத் தமிழாக்கம் கொடுங்கள், 41-ஆம் பக்கத்துக்குத் தெளிவான நகல் கொடுங்கள். காரணத்துக்கு அடிப்படையாக வைத்த ஆவணத்தை யாரும் கேட்காமலே கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம். இருந்தும் எழுதிக் கேட்டது, பின்னால் "ஏன் கேட்கவில்லை, இதனால் என்ன பாதிப்பு" என்ற கேள்விக்கு இடம் வைக்காமல் இருக்க.

இரண்டாவது, ஆட்கொணர்வு மனுவை எப்போது போடுவது. அறிவுரைக் கழகம் முடியட்டும், அரசு உறுதிப்படுத்தட்டும், அதன் பிறகு போடலாம் என்று சிலர் காத்திருப்பார்கள். நாங்கள் 24-ஆம் நாளே போட்டோம். மனு பட்டியலில் ஏறவே மாதக் கணக்காகும் என்பது தெரிந்ததுதான். வரிசையில் துண்டு போட்டு வைப்பது போல. பிறகு நடப்பதைக் கூடுதல் உறுதிமொழிப் பத்திரத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, அறிவுரைக் கழகத்துக்கு யார் போவது. தடுப்புக் காவலில் இருப்பவருக்கு அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ள உரிமை இல்லை. 1981 முடிவில் ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் வழக்கறிஞர் அல்லாத ஒரு நண்பரின் துணையைப் பெறலாம் என்றும் சொன்னது. இது பல குடும்பங்களுக்குத் தெரியாது. அம்மாவின் அண்ணன் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவரை அனுப்பினோம். ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் நான்கு குறிப்பு எழுதிக் கொடுத்தோம்.

நான்காவதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. கிரவுண்ட் கேஸில் மறுபடி ஜாமீன் கேட்பதா? கேட்டால், "பார்த்தீர்களா, வெளியே வரத் துடிக்கிறார்" என்று அரசுத் தரப்பு சொல்லுமே என்று நான் பயந்தேன். ஆணை பிறந்த தேதியில் என்ன நிலை என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும், பின்னால் போட்ட மனு நம்மைத் தொடாது என்றார் சீனியர். தவிர, தடுப்புக் காவல் ரத்தானாலும் ரிமாண்ட் பாக்கி இருந்தால் ஆள் வெளியே வர முடியாது. கேட்டோம். 70-ஆம் நாள் ஜாமீன் கிடைத்தது. அந்த உத்தரவு ஷூரிட்டி (பிணையாள்) போடாமல் மூன்று மாதம் ஃபைலிலேயே இருந்தது. தடுப்புக் காவல் நிற்கும்வரை அது கைக்கு உதவாத சாவி.

ஐந்தாவது, எதை வாதாடுவது. பொது ஒழுங்கு கேள்வியை எடுத்து லோகியாவில் தொடங்கி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று எனக்கு ஆசை. இருபது பக்கக் குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். சீனியர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "நல்லாத்தான் எழுதியிருக்க தம்பி. ஆனா உனக்கு கோபாலன் வேணும், அந்த அம்மாவுக்குப் புள்ளை வேணும். 87-ஆம் பக்கத்துல நுழைஞ்சு வெளிய வந்துரு." மனுவில் எல்லாவற்றையும் எழுதுவது, வாயால் பேசும்போது தமிழாக்கத்தையும் தாமதத்தையும் முன்னே வைப்பது என்று முடிவானது.

## ஒரு முறையீடு போன பாதை

ஆட்சியர் ஆணைக்கு அரசின் ஒப்புதல் 10-ஆம் நாளே வந்துவிட்டது. நாங்கள் தபாலில் சேர்த்தது 11-ஆம் நாள். அந்த ஒரு நாள் முக்கியம், பிறகு சொல்கிறேன்.

அரசுக்கு அனுப்பிய முறையீடு 14-ஆம் நாள் போய்ச் சேர்ந்தது. 15-ஆம் நாள் ஆட்சியரிடம் குறிப்புரை கேட்டார்கள். குறிப்புரை வந்தது 29-ஆம் நாள். இடையில் நான்கு விடுமுறை நாள். மீதி பத்து நாள் அந்தத் தாள் எங்கே இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. 30-ஆம் நாள் கோப்பு எழும்பி, சார்புச் செயலர், துணைச் செயலர் என்று ஏறி, 31-ஆம் நாள் மேலே போனது. நிராகரிப்பில் கையெழுத்தானது 44-ஆம் நாள். இங்கேயும் நான்கு விடுமுறை, ஒன்பது நாள் மௌனம். நிராகரிப்புக் கடிதம் சிறையில் அவர் கைக்கு வந்தது 50-ஆம் நாள். தமிழாக்கம் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

இந்த விவரமெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது அரசுத் தரப்பே தாக்கல் செய்த ஒரு பக்க அட்டவணையிலிருந்து. ஒவ்வொரு மேசைக்கும் வந்த தேதி, போன தேதி. ஆட்கொணர்வு மனுக்களில் மிகவும் பயன்படும் தாள் அதுதான் என்பேன்.

நடுவில் 34-ஆம் நாள் சென்னையில் அறிவுரைக் கழகம். அம்மாவும் மாமாவும் முந்தின இரவு பேருந்தில் போனார்கள். காலையிலிருந்து வராந்தாவில் இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். மகனைக் காவலர்கள் கொண்டுவந்தபோது பத்தடி தள்ளி நின்று பார்த்தார். உள்ளே இருந்த நேரம் நான்கைந்து நிமிடம். மாமா கண்மாய்க்கரையில் கடை இல்லை என்ற குறிப்பைப் படித்திருக்கிறார், கேட்டுக்கொண்டார்கள். போதிய காரணம் இருக்கிறது என்று கழகம் அறிக்கை தந்தது. 52-ஆம் நாள் அரசு 12 மாதத்துக்கு ஆணையை உறுதி செய்தது. அன்றைக்கு அம்மா அலுவலகத்துக்கு வந்து எதுவும் பேசாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

## நீதிமன்றத்தில்

அரசின் எதிருரை வர மூன்று மாதமானது. பிறகு பட்டியலில் வருவதும் நேரமின்றித் தள்ளிப்போவதும். 163-ஆம் நாள் வழக்கு கூப்பிட்டபோது மணி நான்கேகால்.

சீனியர் எழுந்து ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்: 86-ஆம் பக்கத்தையும் 87-ஆம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நீதிபதி புரட்டினார். "86-இல் ரிமாண்ட் உத்தரவின் தமிழாக்கம் இருக்கிறது. 87-க்கு எங்கே?" அரசு வழக்கறிஞர், அது ஒப்பீட்டுக்காகச் சேர்த்த ஆவணம், உள்ளடக்கத்தை வாய்மொழியாக விளக்கியாகிவிட்டது என்றார். 1962-இல் ஹரிகிசன் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: காவலில் இருப்பவருக்குப் புரியாத மொழியில் காரணங்களைக் கொடுத்துவிட்டு வாயால் விளக்கினோம் என்றால் போதாது. சீனியர் தீர்ப்பின் பெயரை மட்டும் சொன்னார். அடுத்து அந்த ஒரு பக்க அட்டவணை. முறையீட்டை இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று எண்ணிக்கை எதுவும் இல்லை; ஆனால் விளக்கமில்லாத தாமதம் ஆணையை வீழ்த்தும் என்பது 1991-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்ன நெறி. 1998-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்று சொல்லப்பட்ட ஐந்து நாளே ஆணையை ரத்து செய்யப் போதுமானதாக இருந்தது. இங்கே பத்தும் ஒன்பதும்.

திறந்த நீதிமன்றத்திலேயே உத்தரவைச் சொல்லச் சொல்ல எழுதினார்கள். நம்பிய ஆவணத்தின் தமிழாக்கம் தராததால் பயனுள்ள முறையீடு செய்யும் உரிமை பறிபோனது; 22(5) மீறப்பட்டது; ஆணை ரத்து. தாமதத்துக்கு ஒரு பத்தி. கடைசி வரி: "மற்ற வாதங்களுக்குள் செல்ல வேண்டிய தேவை எழவில்லை."

என் இருபது பக்கமும் அந்த வரிக்குள் அடங்கிப்போயிற்று. கண்மாய்க்கரையில் கடை இருந்ததா, ஒரு மண்டை உடைந்தால் ஊரின் ஒழுங்கு குலையுமா, இந்த மனிதரை விசாரணையின்றி ஒரு வருடம் அடைக்கத்தான் வேண்டுமா: இதில் எதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் ஒருவர் இரண்டு பக்கத்தை மொழிபெயர்த்து வைத்திருந்தால், கோப்பும் வேகமாக நகர்ந்திருந்தால், அதே ஆணை அப்படியே நின்றிருக்கவும் கூடும். உரிமை காப்பாற்றப்பட்டது என்று இதைச் சொல்லலாம். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கம் வரத்தான் செய்கிறது.

## பின் நடந்தவை

ஜாமீன் உத்தரவு கையில் இருந்ததால் ஷூரிட்டி போட்டு, உத்தரவு நகல் சிறைக்குப் போய், 166-ஆம் நாள் மாலை வெளியே வந்தார். சந்தையில் அவருடைய இடத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச காலம் வேறு ஊரில் செங்கல் சூளைக்குப் போனார். கிரவுண்ட் கேஸில் புகார்தாரர், இருட்டில் ஆளைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சாட்சி சொல்ல, விடுதலையானது. மண்டை உடைந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். காவல் நிலையத்து ரௌடிப் பட்டியலில் பெயர் இன்னும் இருக்கிறது. தேர்தல் வந்தால் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள்.

இழப்பீடு கேட்கலாமா என்று மாமா கேட்டார். விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகும் பீகார் சிறையில் 14 ஆண்டு கிடந்த ஒருவருக்கு 1983-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு தந்தது உண்டு. ஆனால் ரத்தான தடுப்புக் காவல் ஆணைக்கு அது சாதாரணமாகக் கிடைப்பதில்லை. சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு என்ற சர்வதேச உடன்படிக்கை விதியை 1979-இல் ஏற்கும்போதே, எங்கள் சட்டத்தில் அப்படி அமலாக்கத்தக்க உரிமை இல்லை என்று இந்தியா எழுதிக் கொடுத்திருக்கிறது. விளக்கிச் சொன்னோம். "அப்ப அந்த அஞ்சு மாசம்?" என்றார் மாமா. மேற்கொண்டு மனு எதுவும் போடவில்லை.

## மறுபடி செய்தால்

அரசு ஒப்புதலுக்கு முன் கையில் இருந்த கொஞ்ச நேரத்தை நாங்கள் வீணாக்கினோம். அரசு ஒப்புதல் தரும்வரை ஆணையைத் திரும்பப் பெறும் அதிகாரம் ஆட்சியர் கையிலேயே இருக்கிறது. அம்மா வந்தது 9-ஆம் நாள். அன்று மாலையே இரண்டு வரியில் ஒரு முறையீட்டை ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கியிருக்க வேண்டும். முழுதாகப் படித்துவிட்டு எழுதலாம் என்று இரண்டு நாள் எடுத்தது என் தவறு. அதற்கு ஆட்சியர் பதில் சொல்லாமல் விட்டிருந்தால் இன்னொரு வலுவான வாதம் கிடைத்திருக்கும். சொல்லியிருந்தால், யார் கண்டது, நல்ல பதிலாகவே இருந்திருக்கலாம். இப்போதெல்லாம் குடும்பம் படியேறியதும் முதலில் அந்த இரண்டு வரிதான், புக்லெட் பிறகு.

சட்டத்தில் மாற வேண்டியதும் உண்டு. 1978-இன் 44-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், அறிவுரைக் கழகம் இல்லாமல் அடைத்து வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்தது. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படிதான் கழகத்தை அமைக்க வேண்டும், பதவியிலிருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதிதான் அதற்குத் தலைவர் என்றது. நாடாளுமன்றம் நிறைவேற்றியும் அந்தப் பிரிவை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கை மட்டும் வரவே இல்லை. கழகத்தில் வழக்கறிஞர் அனுமதி, ஆட்கொணர்வு மனுக்களுக்குக் காலவரம்பு, இவையும் வேண்டும். ஆறு மாதம் கழித்து ஆணையைப் பரிசீலித்தால் பாதித் தண்டனை முடிந்துவிடுகிறது.

அந்த அம்மா இப்போதும் சில நேரம் வருவார், யாராவது ஒரு தாயைக் கூட்டிக்கொண்டு. போன மாதம் வந்தவரிடம் புக்லெட்டை வாங்கி, நான் சொல்வதற்கு முன்பே அவரே பக்கங்களை எண்ணத் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்தான். ஆங்கிலத் தாளையும் தமிழ்த் தாளையும் எழுத்தின் உருவத்தை வைத்துப் பிரிக்கிறார். "இதுக்குப் பொறவு தமிழ் வரலையே சார்" என்று ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.